வெயிலில் ஓடும் நாடிப் பட்டை: இரும்புச்சத்தை அளக்குமா?

இரத்தத்தில் உள்ள இரும்புச்சத்தைக் காட்டும், மணிக்கட்டில் கட்டும் சூரியசக்திப் பட்டை செய்யலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கடைசியில் கையில் நின்றது நாடித்துடிப்பு காட்டும் பட்டை. ஏன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எடுத்த மேக்ஸ்30102 சென்சார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் 880 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் அனுப்பி, திரும்பி வருவதைப் படிக்கிறது. இருக்கிற ஹீமோகுளோபினில் (இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும், இரும்பு உள்ள புரதம்) எத்தனை பங்கு ஆக்சிஜனைச் சுமக்கிறது என்பது அதில் தெரியும். மொத்த ஹீமோகுளோபின் எவ்வளவு என்பது தெரியாது. இரத்தசோகை உள்ளவருக்கும் ஆக்சிஜன் அளவு 98 சதவீதம் வரலாம். உடம்பு சேமித்துவைத்திருக்கும் இரும்பை அறிய லேபில் ஃபெரிட்டின் பரிசோதனைதான் செய்ய வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். அந்தச் சென்சாரோடு 5.5 வோல்ட், 30 மில்லியாம்பியர் குட்டி சோலார் பேனல், 150 எம்ஏஎச் (மில்லியாம்பியர் மணி) லித்தியம் பேட்டரி, டிபி4056 சார்ஜர், 3.3 வோல்ட் ரெகுலேட்டர், ஈஎஸ்பி32-சி3 போர்டு (நிரலை ஓட்டும் குட்டிக் கணினி), சின்ன ஓஎல்இடி திரை, ஒரு பட்டன் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் சார்ஜர். கடையில் கிடைக்கும் டிபி4056 போர்டில் 1.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருக்கும். அது 1 ஆம்பியர் வரை விடும். பேனலால் அவ்வளவு தர முடியாதுதான். ஆனால் ஒரு மழைநாளில் நான் யுஎஸ்பியில் செருகினேன், பேட்டரி பூரி மாதிரி உப்பிவிட்டது. அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 10 கிலோ ஓம் வையுங்கள். 130 மில்லியாம்பியரோடு நின்றுவிடும்.

அடுத்து இணைப்பு. பேனல் சார்ஜரின் இன் முனைக்கு, பேட்டரி பேட் முனைக்கு, அவுட் முனை ரெகுலேட்டர் வழியாக ஈஎஸ்பியின் 3.3 வோல்ட் காலுக்கு. சென்சாரும் திரையும் ஒரே எஸ்டிஏ, எஸ்சிஎல் கம்பிகளில் (தகவல் போகும் இரண்டு கம்பிகள்) போகலாம், முகவரிகள் வேறு. பட்டனை ஈஎஸ்பியின் 0 முதல் 5 வரையுள்ள கால்களில் ஒன்றில் வையுங்கள். ஆழ்தூக்கத்திலிருந்து (மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நிலை) சி3யை எழுப்ப அவற்றால்தான் முடியும். நிரல் ஏற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

நிரலுக்கு ஸ்பார்க்ஃபன் மேக்ஸ்3010எக்ஸ் லைப்ரரியின் (இந்தச் சென்சாருக்கான ஆயத்த நிரல் தொகுப்பு) நாடித்துடிப்பு உதாரணமே போதும். சென்சார் தரும் அகச்சிவப்பு எண் 50,000க்குக் கீழே இருந்தால் விரல் இல்லை என்று அது எடுத்துக்கொள்கிறது. ஒரு நிமிடம் அளந்ததும் தூங்கச் சொல்லுங்கள். விழித்திருக்கையில் 30 மில்லியாம்பியர் என்று வைத்தால், நாளுக்குப் பத்து முறை அளக்க 5 எம்ஏஎச்தான் ஆகும். அரை மணி நேர நல்ல வெயில் தாராளம். டியூப்லைட் வெளிச்சத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மணிக்கட்டில் சிக்னல் மிகவும் பலவீனம். அதனால் சென்சாரைப் பட்டையின் மேல்பக்கம், பேனலுக்குப் பக்கத்தில் தைத்து, மறுகை விரலை அதன்மேல் லேசாக வைப்பேன். அழுத்தினால் துடிப்பே காணாமல் போகும். வெயிலில் நின்று அளப்பதானால் விரலைக் கறுப்புத் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.