கிட்னிக் கல் வலி நின்றுவிட்டதா? அதோடு விட்டுவிடாதீர்கள்

என் சித்தப்பாவுக்கு ஒரு நாள் ராத்திரி முழுக்க இடது விலாவுக்குக் கீழே சுருட்டிப் பிடித்த வலி. மறுநாள் மத்தியானம் தானாகவே அடங்கியது. கல் விழுந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகி அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். நான்கு மாதம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் எடுத்தபோது கல் சிறுநீர்க்குழாயில் அப்படியே உட்கார்ந்திருந்தது, அந்தப் பக்கத்துக் கிட்னி வீங்கி, சதை மெலிந்து, பாதிக்கு மேல் வேலை செய்யாமல் போயிருந்தது. கல் போகாமலே வலி மட்டும் எப்படி நின்றது? அதற்குப் பதில் கிட்னியின் ரத்த ஓட்டத்தில் இருக்கிறது.

இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், இரண்டு கிட்னிக்கும் போகிறது. அந்த ரத்தத்தின் அழுத்தத்தில்தான் நீர் வடிகட்டப்படுகிறது. கீழே கல் வந்து குழாயை முழுசாக அடைத்ததும் சிறுநீர் மேலே தேங்குகிறது. சாதாரணமாக 10 மி.மீ. பாதரச அளவோ அதற்குக் கீழோ இருக்கும் உள் அழுத்தம் 50, 60 என்று ஏறிவிடும். கிட்னி உடனே தோற்றுப்போவதில்லை. முதல் ஒன்றிரண்டு மணி நேரம், ரத்தக் குழாயை விரிக்க உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின், நைட்ரிக் ஆக்சைடு இவற்றின் உதவியோடு ரத்தம் உள்ளே வரும் நுண்குழாய்களை விரித்து, வழக்கத்தைவிட அதிக ரத்தத்தை இழுத்து, எப்படியாவது வடிகட்டிவிடப் பார்க்கிறது. ஐந்து மணி நேரம் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. ஆஞ்சியோடென்சின், த்ராம்பாக்சேன் போன்ற, குழாயைச் சுருக்கும் உடம்பின் வேறு பொருள்கள் அதே நுண்குழாய்களை இறுக்க, 24 மணி நேரத்தில் ரத்த ஓட்டம் பாதியளவுக்கு இறங்கிவிடும். இதெல்லாம் விலங்குகளில் அளந்த கணக்கு, மனிதர்களில் முன்பின் இருக்கும்.

சரி, வலிக்கு வருவோம். ரத்தம் குறைந்தால் வடியும் சிறுநீரும் குறையும், அது குறைந்தால் உள்ளே அழுத்தம் இறங்கும், அழுத்தம் இறங்கினால் இழுபட்டுக் கிடந்த கிட்னியின் உறையும் குழாயும் தளரும், வலியும் அடங்கும். கல் வெளியேறினாலும் வலி நிற்கும், கிட்னி சோர்ந்துபோனாலும் வலி நிற்கும். இரண்டில் எது என்று உடம்பை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் வலி நின்றாலும் ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

முதலில் அல்ட்ராசவுண்ட் போதும், கிட்னி வீங்கியிருக்கிறதா என்று காட்டிவிடும். கல்லின் அளவும் இடமும் துல்லியமாகத் தெரிய, மருந்து ஏற்றாமல் எடுக்கும் சி.டி. ஸ்கேன் நல்லது. அல்ட்ராசவுண்டிலேயே ரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளரும் பார்த்திருந்தால் ரிப்போர்ட்டில் ஆர்.ஐ. (RI) என்று ஒரு எண் இருக்கும், ரத்தம் நுழைவதற்கு எவ்வளவு தடை என்பதன் அளவு அது. 0.70-க்கு மேல் இருந்தாலோ, மறுபக்கத்தைவிட 0.10 கூடுதலாக இருந்தாலோ டாக்டரிடம் குறிப்பாகக் கேளுங்கள். அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது, அடைத்த முதல் சில மணி நேரத்தில் அது சாதாரணமாகவே இருக்கலாம். கிட்னி வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியேட்டினின் நார்மல் என்று சந்தோஷப்படுவதும் தப்பு. ஒரு பக்கம் மட்டும் அடைத்திருந்தால் மற்ற கிட்னி முழு வேலையையும் இழுத்துச் செய்து ரத்தப் பரிசோதனையை நன்றாகக் காட்டிவிடும். சித்தப்பாவுக்கு அப்படித்தான் இருந்தது.

வலி உச்சத்தில் இருக்கும்போது குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க வைக்காதீர்கள், பீர் குடித்தால் கல் ஓடிவிடும் என்பவர்களையும் கேட்காதீர்கள். வழி அடைத்திருக்கும்போது மேலே இன்னும் நீரைச் சேர்த்தால் அழுத்தமும் வலியும்தான் ஏறும். தாகத்துக்குக் குடித்தால் போதும். வாழைத்தண்டுச் சாறு குடிக்கப் பிடித்தால் குடியுங்கள், ஆனால் அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிப்போடக் கூடாது.

வலி மாத்திரையில் கவனம் வேண்டும். டைக்ளோஃபெனாக் ஊசி இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும், காரணம் அது புரோஸ்டாகிளாண்டினைத் தடுத்து கிட்னிக்குள் வரும் ரத்தத்தையே குறைக்கிறது. டாக்டர் பார்த்து ஓரிரு நாள் கொடுத்தால் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரே கிட்னி உள்ளவர்கள், ஏற்கெனவே கிட்னி பலவீனமானவர்கள், வாந்தியெடுத்து உடம்பில் நீர் வற்றியவர்கள் மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளவே கூடாது.

வலியோடு காய்ச்சல், குளிர் நடுக்கம் வந்தால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் அது ரத்தத்தில் கலந்து சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். அப்போது முதல் வேலை கல்லை எடுப்பதில்லை, டிஜே ஸ்டென்ட் (சிறுநீர்க்குழாய்க்குள் வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தோ முதுகு வழியாகக் கிட்னிக்குக் குழாய் போட்டோ தேங்கியதை வடிப்பதுதான். சிறுநீரே வராமல் போனாலும் அதே அவசரம். வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி வீங்கி அடைத்தால் இரண்டு கிட்னியும் ஒன்றாக மாட்டிக்கொள்ளும், கைகொடுக்க மறுபக்கம் இருக்காது.

காய்ச்சல் இல்லை, கல்லும் 5 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் தானாகவே வந்துவிடும், டாக்டர் காத்திருக்கச் சொல்லலாம். எத்தனை நாள், அடுத்த ஸ்கேன் எப்போது என்று தேதியோடு கேட்டு வாங்குங்கள். நாய்களில் செய்த சோதனைகளில் ஒரு வாரத்துக்குள் முழு அடைப்பை நீக்கியபோது கிட்னி பெரும்பாலும் மீண்டது, ஆறு வாரம் போனபின் மீளவில்லை.

இரண்டு பக்க அடைப்பும் எடுத்தபின் சிலருக்குச் சிறுநீர் கொட்டும். மணிக்கு 200 மில்லிக்கு மேல் தொடர்ந்து போனால் உப்புச்சத்தும் சேர்ந்து போகும், அதனால் அளந்து குறித்து நர்ஸிடம் சொல்லுங்கள். அப்புறம் ஸ்டென்ட் வைத்திருந்தால் அதை எடுக்க வேண்டிய தேதியை வீட்டுக் காலண்டரில் எழுதி மாட்டுங்கள். மறந்து மாதக்கணக்கில் விட்டால் அதன்மேலேயே கல் படிந்து மறுபடி அடைக்கும்.