எந்தக் காம்ப், எந்தக் காயம்: வன்னியிலிருந்து வந்தவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள்

பிரித்தானியாவிலோ கனடாவிலோ கடைக்குப் போக ஆங்கிலம் அவ்வளவாகத் தேவைப்படாது. கையைக் காட்டினால் சாமான் வரும். சிக்கல் குடிவரவு நேர்காணலிலும் வைத்தியரிடமும் படிவங்களிலும்தான். அங்கே எங்களுடைய ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு. இலக்கணப் பிழையை எவரும் கணக்கெடுப்பதில்லை. சொல் மாறினால் கோப்பில் ஏறிவிடும்.

முதலில் ‘காம்ப்’. இடைத்தங்கல் முகாம், புனர்வாழ்வு முகாம், ஆமிக் காம்ப், இயக்கத்தின் பயிற்சி முகாம் எல்லாமே எங்கள் பேச்சில் காம்ப்தான். எது என்று ஊரில் கேட்பவருக்கு விளங்கும், அதிகாரிக்கு விளங்காது. ‘2009இல் காம்பில் இருந்தேன்’ என்று மட்டும் சொன்னால் பயிற்சி முகாம் என்று அவர் எடுக்கவும் இடமுண்டு. ஆகவே இடத்தையும் அதை வைத்திருந்தவரையும் சேர்த்தே சொல்லுங்கள்: செட்டிகுளம் மெனிக் பாம், சுற்றிவர முள்ளுக்கம்பி, வாசலில் இராணுவம், நினைத்தபடி வெளியே போக முடியாது. புனர்வாழ்வுக்கு ஆங்கிலமான ‘ரிஹபிலிட்டேஷன்’ இன்னும் மோசமான சொல். இங்குள்ளவர் காதில் அது போதைப்பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சை, அல்லது கால் முறிந்தவருக்குக் கொடுக்கும் உடற்பயிற்சி. உங்களை வழக்கில்லாமல் அடைத்து வைத்திருந்தால் அதை அப்படியே சொல்லி, ‘அந்த இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் புனர்வாழ்வு நிலையம்’ என்று பிறகு சேருங்கள்.

‘அகதி’யும் இதே கதைதான். 1995இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு வந்தவரையும் அகதி என்றோம், மன்னாரிலிருந்து படகில் இராமேஸ்வரம் போனவரையும் அகதி என்றோம். ஆங்கிலத்தில் எல்லை தாண்டியவர்தான் ‘ரெஃப்யூஜி’. நாட்டுக்குள்ளே இடம்பெயர்ந்தவர் ‘டிஸ்பிளேஸ்ட்’. முதலாவதைச் சொன்னால் ‘எந்த நாட்டில்?’ என்ற கேள்வி உடனே வரும். பிரித்தானியாவில் இன்னுமொரு பிரிவு உண்டு: முடிவு வரும்வரை நீங்கள் ‘அசைலம் சீக்கர்’, ஏற்றுக்கொண்ட பிறகுதான் ‘ரெஃப்யூஜி’. படிவத்தில் அவசரப்பட்டு இரண்டாவதை எழுதாதீர்கள்.

அடுத்தது ‘பிடிச்சுக்கொண்டு போனாங்கள்’. சட்டப்படி கைது செய்தால் ‘அரெஸ்ட்’. விடாமல் மறித்து வைத்திருந்தால் ‘டிடெய்ன்’. யாரென்று சொல்லாமல் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோனால் ‘அப்டக்ட்’. நீங்களாகப் போய் உங்களைக் கையளித்திருந்தால் ‘சரண்டர்’. பாரமாக இருக்கட்டும் என்று கடத்தல் என்றுவிட்டு, பிறகு சீருடைக்காரர் பெயர் பதிந்து கையெழுத்து வாங்கினார்கள் என்றால் இரண்டும் ஒட்டாது. முதல் சிறு நேர்காணலில் சொன்னதையும் பிறகு நடக்கும் நீண்ட நேர்காணலில் சொன்னதையும் பக்கத்தில் வைத்துத்தான் வாசிப்பார்கள். எந்தச் சொல் என்று தெரியாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே விடுங்கள். யார் வந்தார்கள், என்ன உடுப்பு, எங்கே கொண்டுபோனார்கள், எத்தனை நாள் என்று தமிழில் சொல்லுங்கள். ‘விசாரணை’யும் அப்படித்தான்: நாலு கேள்வி கேட்டதும் விசாரணை, அடித்துக் கேட்டதும் விசாரணை, நீதிமன்றத்தில் நடந்ததும் விசாரணை. எது என்று பிரித்துக் காட்டுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ‘ஆமிக்காரன் என்னைப் பேசினான்’ என்றால் எங்களுக்கு ஏசினான், அவருக்கு உரையாடினான். ‘வெருட்டினாங்கள்’ அவருக்குப் பிடிபடாமலே போகலாம், ‘மிரட்டினார்கள்’ என்று சொல்லுங்கள். பெடியள், இயக்கம், சென்றி போன்றவற்றையும் விளக்கிச் சொல்லுங்கள். பாஷை ஒத்துவராவிட்டால் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். வெட்கப்பட்டுத் தலையாட்டிவிட்டு முடிவில் முறையிட்டால் எடுபடுவது கஷ்டம்.

குடும்ப விபரம். பெரியப்பாவின் மகன் எங்களுக்கு அண்ணா. படிவத்தில் அவர் ‘கசின்’. ‘பிரதர்’ என்று எழுதினால் உங்கள் தாய் தகப்பனின் பிள்ளை என்று பதிவாகி, நாளைக்கு அவருடைய படிவத்தில் உங்கள் பெயர் இல்லாதபோது இருவருமே பதில் சொல்ல வேண்டிவரும். சண்டையில் தாய் தகப்பனை இழந்து அம்மம்மாவோடு வளர்ந்த பிள்ளையை ‘அடொப்டட்’ என்று எழுதாதீர்கள். அது நீதிமன்றம் மூலம் தத்தெடுத்ததற்கு மட்டும். கணவர் காணாமல் ஆக்கப்பட்டிருந்தால் ‘விடோ’, ‘செப்பரேட்டட்’ இரண்டுமே சரியல்ல. ஒன்று இறந்துவிட்டார், மற்றது பிரிந்துவிட்டீர்கள். அந்தக் கட்டத்தின் பக்கத்தில் ‘ஹஸ்பண்ட் மிஸ்ஸிங்’ என்று எழுதி ஆண்டையும் போடுங்கள். 2016இல் சட்டம் திருத்தப்பட்டபின் இலங்கையில் வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் இருந்தால் இணையுங்கள். அது மரணச் சான்றிதழ் அல்ல என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வைத்தியரிடம் முதல் பொறி ‘காயம்’. ஆறாமல் திறந்திருந்தால் ‘வூண்ட்’, ஆறித் தழும்பானால் ‘ஸ்கார்’. பதினைந்து வருடத்துக்கு முந்திய ஷெல் காயத்தை ‘வூண்ட்’ என்றால் மருந்து கட்டவா என்று பார்ப்பார்கள். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு முந்திய படிவத்தைக் கட்டாயம் ஆறுதலாக வாசிக்க வேண்டும். ‘இம்பிளான்ட்’ என்பது வைத்தியர் வைத்த தகடு, கருவி போன்றவை. ‘மெட்டல் ஃபிராக்மென்ட்’ என்பதுதான் வெளியிலிருந்து ஏறிய உலோகத் துண்டு. முதல் கேள்விக்கு இல்லை என்று போட்டுவிட்டு அடுத்ததையும் அதே கையோடு இல்லை என்று போடுவது ஆபத்து. அந்த ஸ்கான் இயந்திரத்தின் பலமான காந்தத்தில் துண்டு அசையவோ சூடாகவோ கூடும். கண்ணுக்குக் கிட்ட இருந்தால் பார்வையே போகலாம். துண்டு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டாலும் சொல்லுங்கள், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள்.

பிரித்தானியாவில் ‘பிள்ளை மூன்று தரம் சிக்’ என்றால் மூன்று தரம் சத்தி எடுத்தது என்று அர்த்தம். வெறும் காய்ச்சலுக்கு ‘டெம்பரேச்சர்’ என்பார்கள். ‘சேர்ஜரிக்கு வாருங்கள்’ என்று குறுஞ்செய்தி வந்தால் பயப்படாதீர்கள். குடும்ப வைத்தியரின் இடத்துக்கும் அதே பெயர்தான். ‘எனக்கு காஸ்ட்ரிக்’ என்பது அங்கே நோயின் பெயராகாது. நெஞ்செரிவு என்றால் ‘ஹார்ட்பேர்ன்’. பெயரில் இதயம் இருந்தாலும் அது வயிற்றுப் புளிப்புத்தான். நெஞ்சை அமத்துகிற நோ என்றால் ‘செஸ்ட் பெய்ன்’ என்று சொல்லி, பிரித்தானியாவில் 999, கனடாவில் 911 அடியுங்கள். கைகால் உளைவுக்கு ‘ஏக்’, ஊசி குத்துவதுபோல என்றால் ‘ஷார்ப் பெய்ன்’, விறைத்தால் ‘நம்’.

வீட்டு விடயம் சுருக்கமாக: இங்கிலாந்தில் ‘டெபொசிட்’ திரும்பி வரவேண்டிய காசு, ‘ரென்ட் இன் அட்வான்ஸ்’ வாடகையிலேயே கழிகிற காசு. ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் கீழே என்றால் டெபொசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்க 2019இலிருந்து அனுமதியில்லை. ரசீதில் எது என்று எழுதி வாங்குங்கள்.

கனடாவில் வேலை போனால் ‘வேலையை விட்டிட்டன்’ என்று சொல்லிப் பழகிய வாய் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நீங்களாக விட்டால் ‘குவிட்’, வேலை இல்லையென்று நிறுத்தினால் ‘லேட் ஓஃப்’, குற்றம் சொல்லி நிறுத்தினால் ‘ஃபயர்ட்’. முதலாளி கொடுக்கும் ‘ரெக்கோட் ஒஃப் எம்ப்ளோய்மென்ட்’ தாளில் இவற்றுக்கு முறையே ஈ (E), ஏ (A), எம் (M) என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். வேலையில்லாக் காலக் கொடுப்பனவு தொங்குவது அந்த எழுத்தில்தான். சரியான காரணம் இல்லாமல் நீங்களாக விட்டதாகப் பதிந்தால் பொதுவாகக் கிடைக்காது. தாள் கிடைத்த அன்றே எழுத்தைப் பாருங்கள். நடந்ததற்கு மாறாக இருந்தால் திருத்தித் தரச்சொல்லி முதலாளியிடம் எழுத்தில் கேளுங்கள்.