எவாஞ்சலினை ஓரம்கட்டிவிட்டுக் காலிலிருந்து தொடங்குங்கள்

கனடாவின் மாங்க்டன் நகரில் ஒலிப்பதிவு வேலை பார்க்கிறேன். அகாடியர்கள், அதாவது கனடாவின் கிழக்குக் கரைப் பக்கம் வாழும் பிரெஞ்சு மொழி மக்கள்; அவர்களின் அடையாளத்தை விமர்சிக்கும் மேடை நிகழ்வு செய்ய வேண்டும் என்று வரும் இளம் கலைஞர்கள் பெரும்பாலும் முதலில் நீட்டுவது எவாஞ்சலின் படத்தைத்தான். அது வேண்டாம். 1755-ல் பிரிட்டிஷார் அகாடியர்களைக் கப்பலேற்றி விரட்டத் தொடங்கினார்கள். 1763 வரை அது ஓயவில்லை. அந்தத் துயரத்துக்கு முகமாகிப்போன எவாஞ்சலின், 1847-ல் லாங்ஃபெல்லோ என்ற அமெரிக்கக் கவிஞர் படைத்த கற்பனைப் பெண். அவர் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. ஆனாலும் அகாடியர்கள் வாழ்ந்த கிராண்ட் ப்ரே என்ற ஊரில் அவளுக்குச் சிலை நிற்கிறது. கேலி செய்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள், போதும்.

காலிலிருந்து தொடங்குங்கள். இங்கே வயலின் வாசிப்பவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு காலாலும் தாளம் தட்டுவார். கைப்பிடி இல்லாத நாற்காலி, கெட்டியான அடிப்பாகம் உள்ள தோல் ஷூ, முக்கால் அங்குல பிளைவுட் பலகை. இவ்வளவுதான் தேவை. ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டால் சத்தமே வராது. ரீல் எனும் வேகமான நடன மெட்டின் தாளத்துக்கு வாயால் ‘தா – தக’ என்று சொல்லிக்கொள்ளுங்கள்: வலது குதிகால் ‘தா’, இடது முன்பாதம் ‘த’, வலது முன்பாதம் ‘க’. முழங்காலைத் தூக்காதீர்கள்; அசைவு கணுக்காலில்தான். தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 70 தட்டு என்று வைத்துத் தொடங்குங்கள். கால் தானாக ஓட ஆரம்பித்ததும் 110-க்குப் போகலாம்.

அப்புறம் வயலினை எடுத்துவிடுங்கள். பாட்டே இல்லாமல் ஒருவர் உட்கார்ந்து தரையை அடித்துக்கொண்டே இருந்தால், பார்ப்பவருக்கு அது கொண்டாட்டமா கோபமா என்று சட்டெனப் பிடிபடாது. அந்தக் குழப்பம்தான் நமக்கு வேண்டும்.

அடுத்து தேன்தமார் என்ற சத்த ஊர்வலம். ஆகஸ்ட் 15, அகாடிய தேசிய நாள். காரக்கெட் என்ற ஊரில் மாலை சரியாக 17:55-க்கு, அந்த 1755-ஐ நினைத்து, ஊரே பானை, கரண்டி, ஊதுகுழல் எல்லாம் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிச் சத்தம் போடும். ரெக்கார்டரின் ஒலி அளவை முன்கூட்டியே நன்றாகக் குறைத்து வையுங்கள், நொடியில் சத்தம் எகிறும். கடற்காற்றுக்கு மைக்கில் ரோம உறை கட்டாயம். ஊர்வலம் கடந்த பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள். கடைசியாக வரும் குழந்தை ஒன்று தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு போகும், எனக்குப் பிடித்தது அதுதான்.

தேன்தமாரைப் பழங்கால வழக்கம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது 1955-ல், விரட்டலின் இருநூறாம் ஆண்டுக்காக மாங்க்டனில் ஏற்பாடு செய்தது. 1979-ல் காரக்கெட்டில் மறுபடி உயிர்பெற்றது. அந்த இரண்டு ஆண்டுகளையும் மேடையில் சத்தமாகச் சொல்லுங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பேச்சுக்கு வீட்டுப் பெரியவர்களைச் சமையலறையில் வைத்தே பதிவு செய்யுங்கள். பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த ஷியாக்கில் பேசினால் திருத்தவும் வேண்டாம், வெட்டி ஒட்டிச் சுத்தமாக்கவும் வேண்டாம். மேடையேற்றும் முன் அவர்களுக்குப் போட்டுக் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

இன்னொன்று. அகாடியர்கள் கரை கட்டி, மதகு வைத்து, கடல் சதுப்பை வயலாக்கியதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். அந்தச் சதுப்பு, அங்கே முன்பே வாழ்ந்த பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் நிலம். ‘நாங்கள் விரட்டப்பட்டவர்கள்’ என்பதோடு நிற்கும் படைப்பு என் கணக்கில் பாதிதான். மிக்மாக் கலைஞர் ஒருவரைத் திட்டமிடும்போதே அழைத்து, பட்ஜெட்டில் அவருக்குச் சம்பளம் எழுதுங்கள். கடைசி வாரத்தில் அலங்காரத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், வரவும் கூடாது.

அரங்கில், பலகையின் அதிர்வைப் பிடிக்கும் கான்டாக்ட் மைக்கைப் பலகையின் அடியில், குதிகால் விழும் இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி ஒட்டுங்கள். நான்கு மூலைக்கும் ரப்பர் துண்டு வையுங்கள். மானிட்டர் ஸ்பீக்கர் பலகைக்கு அருகில் இருந்தால் ஊளையிடும்; தள்ளி வைத்து, 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டிவிடுங்கள்.