திருகோணமலையில ராம் சிக்லிட் மீன் வைக்கப் போறீங்களா? முதல்ல மழைத்தண்ணி பிடியுங்கோ

ராம் வாங்கின கொஞ்ச நாளில செத்துப்போச்சு எண்டு கனபேர் கடைக்காரரைத்தான் திட்டுறது, கனதரம் அது தண்ணிப் பிரச்சினை. இந்த மீன்ட சொந்த இடம் வெனிசுவேலா, கொலம்பியா பக்கம், ஒரினோகோ ஆத்துப் படுகை. அங்க தண்ணியில சுண்ணாம்பு மிச்சம் குறைவு, லேசான அமிலம், சூடும் 27-30 பாகை வரும். சூடு எங்களுக்குப் பிரச்சினையே இல்ல, ஹீட்டர் காசு மிச்சம். ஆனா கடலோரத்துக் கிணறுகள்ள உப்புக் கலந்திருந்தா அந்தத் தண்ணி சரிவராது.

அதால ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடியுங்கோ. முதல் ஒண்டு ரெண்டு மழையை விட்டிடுங்கோ, கூரையில கிடக்கிற தூசியும் காகத்தின்ட எச்சமும் அதோட போகட்டும். பிளாஸ்டிக் பரல்ல சேருங்கோ, சீமெந்துத் தொட்டி வேண்டாம், சுண்ணாம்பு கரைஞ்சு பிஹெச் (தண்ணியின்ட அமில-கார அளவு) ஏறினா மழைத்தண்ணி பிடிச்சும் பிரயோசனமில்ல. வாயை வலையால இறுக்கிக் கட்டுங்கோ, நுளம்பு பெருகினா பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிப்பார். தனி மழைத்தண்ணியில பிஹெச் ஒரு இடத்தில நிக்காது, நாலு வாளிக்கு ஒரு வாளி உப்பில்லாத கிணத்துத் தண்ணி கலந்து, பிஹெச் 6 - 6.5 வருதா எண்டு டெஸ்ட் கிட்டால பாருங்கோ.

டேங்கின்ட அடியில போடக் கடற்கரை மண் கிட்டவும் வரக்கூடாது, சிப்பித்தூள் கலந்திருக்கும், அதுவும் சுண்ணாம்புதான். மகாவலி மூதூர்ப் பக்கம்தானே கடல்ல விழுது, கட்டிட வேலைக்கு வாற ஆத்துமண்ணை அரிச்சுக் கழுவினாக் காணும். ஒரு கரண்டி மண்ணில வினாகிரி விட்டுப் பாருங்கோ, நுரைச்சா வேண்டாம். மண் நைஸா இருக்கோணும், ஏனெண்டா ராம் வாய் நிறைய மண்ணை அள்ளி, ரெண்டு மூண்டு தரம் சப்பி, செவுளால வழியவிட்டுத்தான் இரை தேடும்.

தானா விழுந்து காஞ்ச வாதுமை இலை, தோல் உரிச்சு அவிச்ச கொய்யாக் கொப்பு, டேங்குக்குள்ள போட இவ்வளவும் காணும். தண்ணி பிளேன்டீ நிறத்துக்கு வரும், பயந்து மாத்திப்போடாதீங்கோ, அதுதான் வேணும். லைட்டைக் குறைச்சு, ஸ்பாஞ்ச் பில்டரைப் போட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன்சாப்பாடு போட்டபடி ஒரு மாசத்துக்கு மேல மீனில்லாம ஓடவிடுங்கோ, பில்டர்ல கழிவை உடைக்கிற பக்டீரியா வளரத்தான் இது. மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் டெஸ்ட் கிட்டில பூச்சியம் காட்டினாப் பிறகு ஒரு சோடி ராம், கூட பத்துக் கார்டினல் டெட்ரா எண்ட சின்ன மீன், அதுவும் ஒரினோகோ ஆள்தான்.

கிழமைக்குப் பத்து வீதம் தண்ணி மாத்துங்கோ. 80 லீற்றர் டேங்குக்கு அது 8 லீற்றர், அடுத்த மாரி வரைக்கும் இழுக்கோணுமெண்டா 200 லீற்றர் பரல் குறைஞ்சது ரெண்டு நிரப்பி வைக்கோணும்.