தரையில் பதிக்கும் ஸ்பா தொட்டி: கான்கிரீட் மூடிவிடும் தவறுகள்

கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டைத் தாண்டி ஒரு வீடு. மே மாதம் குழி வெட்டினோம். நாலு அடி ஆழத்திலும் மணல் காய்ந்தே கிடந்தது. வெந்நீரில் அமர்ந்து குளிக்கும் ஃபைபர் ஸ்பா தொட்டியை இறக்கி, சுற்றிலும் கான்கிரீட் தளம் போட்டு ஒப்படைத்தாயிற்று. நவம்பரில் விடாத மழை. தண்ணீர் கலங்கிவிட்டதே என்று வாட்ச்மேன் தொட்டியைக் காலி செய்திருக்கிறார். மறுநாள் காலையில் தொட்டியின் ஒரு பக்கம் நாலு விரற்கடை மேலே எழும்பி நிற்க, விளிம்பைக் கவ்வியிருந்த தளம் குறுக்கே பிளந்து கிடந்தது.

வாட்ச்மேனைக் குறை சொல்ல முடியாது. காலி செய்யக் கூடாது என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

கணக்கு எளிது. 2 மீட்டருக்கு 2 மீட்டர் தொட்டி. நிலத்தடி நீர் அதன் அடியிலிருந்து அரை மீட்டர் உயரம் ஏறினால், கீழிருந்து தூக்கும் விசை சுமார் 2 டன். காலித் தொட்டியோ சில நூறு கிலோதான் இருக்கும். உள்ளே தண்ணீர் நிற்கும்வரை அந்த எடையே அதை அமுக்கி வைத்திருக்கும்; திறந்துவிட்டால் படகுதான். கோடைக் குழியைப் பார்த்து நிலத்தடி நீரை முடிவு செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் எதுவரை ஏறும் என்று பக்கத்து வீட்டுக் கிணற்றுக்காரரைக் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். குழியின் அடியில் ஜல்லி பரப்பும்போதே, ஓரமாக ஒரு 6 அங்குல பிவிசி குழாயைச் செங்குத்தாக நிறுத்திவிடுங்கள். அடிப்பகுதியில் துளை போட்டு, மண் புகாமல் வலைத்துணி சுற்றி, மேலே மூடி வைத்தால் போதும். தொட்டியைக் காலி செய்யும் முன் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். தண்ணீர் நின்றால் சின்ன மோட்டாரை இறக்கி இறைத்துவிடலாம். மொத்தச் செலவில் இது பொரி வாங்கும் காசு.

அடுத்தது, தோண்டிய மண்ணையே திருப்பித் தள்ளி மூடுவது. லாரி வாடகை மிச்சம் என்று மேஸ்திரி சொல்வார். களிமண்ணும் கட்டியும் கலந்த மண் ஒரு மழைக்காலத்தில் அரை அடிகூட இறங்கும்; மேலே போட்ட தளம் அந்தரத்தில் நின்று, அப்புறம் உடையும். சுத்தமான மணலைச் சுமார் அரை அடிக்கு ஓர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு இறுக்க வேண்டும். அதே வேகத்தில் தொட்டிக்குள்ளும் தண்ணீர் ஏற வேண்டும். வெளியே மணல் ஏறி உள்ளே காலியாக இருந்தால் பக்கச் சுவர் உள்வாங்கிவிடும். உட்காரும் திண்டுகளுக்கு அடியில் மணல் தானாகப் போய்ச் சேராது, கையை விட்டுத் திணிக்க வேண்டும். அங்கே வெற்றிடம் இருந்தால், ஆள் உட்காரும்போதெல்லாம் ஃபைபர் அமுங்கி எழும். கொஞ்ச நாளில் விரிசல் விடும்.

தளத்துக்கு வருவோம். பலரும் கான்கிரீட்டைத் தொட்டி விளிம்போடு ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வெயிலில் தளம் விரிவதும் வெந்நீரில் தொட்டி விரிவதும் ஒரே மாதிரி இருக்காது. நடுவே அரை அங்குலத்துக்குத் தெர்மோகோல் பட்டை வைத்து, பிறகு அதன் மேற்பகுதியைச் சுரண்டி பாலிசல்பைடு சீலன்ட் (ரப்பர் போல நெகிழும் அடைப்புப் பசை) அடைக்க வேண்டும். 4 அங்குலத் தளம் என்றால் 8 முதல் 10 அடிக்கு ஒரு கோடு, 1 அங்குல ஆழத்துக்கு வெட்ட வேண்டும். அதையும் மறுநாளுக்குள் வெட்டிவிட வேண்டும்; தாமதித்தால் கான்கிரீட்டே தனக்குப் பிடித்த இடத்தில் விரிசலாகக் கோடு போட்டுக்கொள்ளும்.

தளத்தின் வாட்டம் (சரிவு) தொட்டியை விட்டு வெளியே போக வேண்டும், அடிக்குக் கால் அங்குலம். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன் என்பார்கள். தளம் இறுகும் முன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பார்க்க முடியாது என்பதால், பலகை அடிக்கும்போதே தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலில் சரிபாருங்கள். கியூரிங்கில், அதாவது தளத்தை ஈரமாக வைத்து இறுகவிடுவதில், அவசரம் வேண்டாம். சாதா சிமெண்டுக்கு 7 நாள், பிபிசி (போசலானா கலந்த சிமெண்ட்) என்றால் 10 நாள் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்லும் குறைந்தபட்சம். கடற்கரை வெயிலில் நான் 14 நாள் சணல் சாக்கை ஈரமாகவே வைக்கச் சொல்வேன். மேலே கருப்புக் கடப்பா கல் ஒட்ட ஆசைப்பட்டால், ஒரு கல்லை மதியம் 2 மணி வெயிலில் போட்டு வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மின்சாரத்தில் பேரமே கூடாது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். தளத்துக் கம்பி வலை, பம்ப் மோட்டார், கைப்பிடி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் இணைக்க வேண்டும். அதைக் கான்கிரீட் போடும் முன்தான் செய்ய முடியும்.

பம்ப் தொட்டித் தண்ணீரை இழுக்கும் உறிஞ்சு துளையும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. 2002இல் அமெரிக்காவில் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி, ஸ்பாவின் வடிகால் உறிஞ்சிப் பிடித்துக்கொண்டதில் மூழ்கி இறந்தாள். 2007இல் அங்கே அவள் பெயரிலேயே சட்டம் வந்தது. ஒன்று அடைபட்டாலும் மற்றது இழுக்கும்படி, தள்ளித்தள்ளி இரண்டு துளைகளும், தட்டையாக இல்லாமல் மேடான பாதுகாப்பு மூடிகளும் வையுங்கள்.

குழாய்களைத் தண்ணீர் அடைத்து, சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ அழுத்தத்தில் கேஜ் (அழுத்தமானி) மாட்டி ஒரு நாள் விட வேண்டும். கான்கிரீட் போடும் அன்றும் கேஜைக் கழற்றாதீர்கள். மண்வெட்டி பட்டு எங்காவது ஓட்டை விழுந்தால் முள் உடனே இறங்கும். மூடுவதற்கு முன் அளவு டேப்பைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு குழாய் வளைவையும் படம் எடுங்கள். நாங்கள் அப்போது எடுக்கவில்லை. அந்த முட்டுக்காட்டு வீட்டில் தொட்டி எழும்பியபோது ஒரு குழாய் இணைப்பும் விட்டுப்போயிருந்தது. அதைத் தேடி மூன்று இடத்தில் உடைத்தோம், கிடைத்தது நாலாவதில்.