நேரான கியூவை வளைத்துக் காட்டும் படங்கள்: விற்பனைக்குப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில்லியர்ட்ஸ் கியூ (பந்தை அடிக்கும் நீளக் குச்சி) வாங்க வருபவர் படத்தில் முதலில் தேடுவது அழகை அல்ல. குச்சி நேராக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். நல்ல கியூவையும் கோணலாகக் காட்டிவிட்டால், அதன் பிறகு மரத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் அந்தச் சந்தேகம் போகாது. ஆகவே பெரிய தவறிலிருந்தே தொடங்குவோம்.

கியூவின் வழக்கமான நீளம் 58 அங்குலம், அதாவது சுமார் 147 செ.மீ. நுனி 12 முதல் 13 மி.மீ., அடிப்பாகம் 30 மி.மீ.க்குச் சற்று மேல். கைபேசியின் முதன்மை லென்ஸ் அகலப் பார்வை கொண்டது என்பதால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்திலேயே முழுக் குச்சியும் சட்டத்துக்குள் வந்துவிடும். வசதிதான். ஆனால் ஓரங்களில் கோடுகள் வெளிப்பக்கம் வளையும்; கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் அருகில் இருக்கும் முனை தடித்துத் தெரியும். இரண்டு மடங்கு ஜூம் வைத்து இரண்டே கால் மீட்டர் பின்னால் போய், கேமராவைக் குச்சியின் நடுப்புள்ளிக்கு நேராக நிறுத்துங்கள். படத்தின் மையம் வழியாகப் போகும் கோட்டை லென்ஸ் வளைப்பதில்லை. மையத்தை விட்டு விலகிய கோடே வளைகிறது. குச்சியைச் சட்டத்தின் மேல் விளிம்பிலோ கீழ் விளிம்பிலோ வைக்கக் கூடாது என்பது இதனால்தான். நின்ற இடத்திலிருந்தே கைபேசியைத் திருப்பி பனோரமா எடுப்பது இதைவிட மோசம்: நேரான குச்சி வில்லாகிவிடும்.

முழுக் குச்சியை ஒரே படத்தில் மட்டும் காட்டி நிறுத்திவிடுவதும் தவறு. 1,600 பிக்சல் சதுரப் படத்தில் குச்சி மூலைக்கு மூலை படுத்தாலும் அடிப்பாகத்தின் தடிமனுக்குக் கிடைப்பது 50 பிக்சலுக்கும் குறைவு. நுனிக்கு 20 பிக்சல். அலங்காரத்துக்காகப் பதித்த மெல்லிய மரத்தகடுகளான வெனீர் கோடுகள் அதில் எங்கே தெரியும்? இரு பாகங்களும் இணையும் ஜாயிண்ட்டில் கழற்றி, அடிப்பாகத்தையும் நுனிப்பாகமான ஷாஃப்ட்டையும் அருகருகே வைத்தால் தடிமன் ஏறத்தாழ இரு மடங்காகக் கிடைக்கும். முகப்புப் படத்துக்கு இதுவே பொருத்தம். முழு நீளப் படம் இரண்டாவதாக வரட்டும்.

அடுத்தது வெளிச்சம். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான். பளபளப்புப் பூச்சுள்ள கியூ ஓர் உருளைக் கண்ணாடி. ஃபிளாஷ் அடித்தால் அது வெள்ளைப் பொட்டாகவோ கூரிய கீற்றாகவோ பாயிண்ட்களின் (அடிப்பாகத்தில் கூர்முனையாகப் பதித்த அலங்காரங்கள்) நடுவில் போய் விழும். ஜன்னல் வெளிச்சம் நல்லது என்று கம்பிகளுள்ள ஜன்னலருகே வைத்தால், கம்பிகளின் நிழல் பிரதிபலிப்பைத் துண்டு துண்டாக வெட்டும். பார்ப்பவருக்கு அது பூச்சில் விழுந்த குழிகள் போலத் தோன்றும். ஜன்னல் முழுவதையும் மெல்லிய வெள்ளைத் துணியால் மூடி, குச்சியை ஜன்னலுக்கு இணையாக வையுங்கள். வெளிச்சம் வரும் பரப்பு குச்சியைவிட நீளமாக இருந்தால், அறுபடாத ஒரே ஒளிக்கோடு முனையிலிருந்து முனை வரை ஓடும். வளைவில்லை என்பதற்கு அந்தக் கோடே பேசும். குச்சியை ஜன்னலிலிருந்து கொஞ்சம் நகர்த்தி, கோடு மேல் விளிம்பில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முன் மாட்டித் திருப்பும் போலரைசர் வடிகட்டி பூச்சின் ஒளிர்வைக் குறைக்கும். எஃகு ஜாயிண்ட்டில் அது பெரிதாக வேலை செய்யாது. முழுவதும் திருப்பி ஒளிர்வை அடியோடு அழித்துவிட்டால் பளபளப்புப் பூச்சு மங்கல் பூச்சாகத் தெரியும், அதுவும் பொய்தான்.

ஆடும் மேசையின் மேலேயே வைத்து எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. பச்சைத் துணியின் நிறம் பூச்சின் அடிப்பக்கத்திலும் வெளிர் மேப்பிள் ஷாஃப்ட்டிலும் ஏறிவிடும். நடுத்தரச் சாம்பல் நிறத் தாளோ துணியோ போதும். கறுப்புப் பின்னணியில் எபனி என்ற கரிய மரம் கரைந்துபோகும். வெள்ளையில் கேமரா வெளிச்சத்தைக் குறைத்து எல்லாவற்றையும் மங்கலாக்கும். மேப்பிளின் மரவரி வெளுத்துப் போகாத அளவுக்குக் கேமராவின் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டு, எபனியின் இருட்டைப் பிறகு திருத்தத்தில் சற்று உயர்த்துவது பாதுகாப்பு.

ஒரு பக்கத்தை மட்டும் எடுக்காதீர்கள். உருளையில் ஒரு பார்வைக்குப் பாதிச் சுற்று கூடத் தெளிவாகத் தெரியாது. கால் திருப்பமாகத் திருப்பி நான்கு படங்கள் வேண்டும். பாயிண்ட்களின் உச்சிகள் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று அறிந்தவர் நிச்சயம் ஒப்பிடுவார். குச்சி உருளாமலிருக்க மடித்த காகித ஆப்புகள் போதும். கைப்பிடியில் சுற்றியிருக்கும் லினன் ராப்பின் மேல் பசையுள்ள எதையும் ஒட்ட வேண்டாம், கறை பிடிக்கும்.

நெருக்கப் படங்களில் ஃபெரூல் (டிப்பைத் தாங்கும் நுனி வளையம்), பந்தைத் தொடும் டிப்பின் மிச்ச உயரம், ஜாயிண்ட் பின்னின் மரை, இரு ஜாயிண்ட் முகங்கள், அடிமுனையிலுள்ள ரப்பர் பம்பர், கையொப்பமோ வரிசை எண்ணோ இருந்தால் அது, எல்லாம் வர வேண்டும். குச்சியைச் சாய்வாக வைத்து நெருங்கினால் பாதி மங்கும். கேமராவில் லென்ஸ் துளை அளவை எஃப்/8 முதல் எஃப்/11 வரை வைத்து, குச்சிக்குச் செங்குத்தாக நில்லுங்கள். எடையைச் சொல்வதைவிடத் தராசோடு காட்டுவது மேல்: 19 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 539 கிராம்.

அடிபட்ட இடத்தை மறைக்கும் கோணம் தேடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் வெளிச்சத்தில்தான் பள்ளம் தெரியும். அப்படியே எடுத்து அருகில் அளவுகோலை வையுங்கள். டிப்பில் தடவும் சாக் தூளையும் கைரேகையையும் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணியால் முன்பே துடைத்துவிட்டால், அழுக்கைக் கீறல் என்று எவரும் நினைக்க மாட்டார்கள்.

நேர்த்தன்மைக்கு நிழற்படம் மட்டும் போதாது, சின்னக் காணொளி வேண்டும். சமதளத்தில் முழுக் குச்சியையும், பிறகு இரு பாகங்களையும் தனித்தனியே மெதுவாக உருட்டி, அடியில் தெரியும் இடைவெளியைக் கேமராவுக்குக் காட்டுங்கள். குச்சி நுனி நோக்கிச் சிறுப்பதால் இடைவெளி இருக்கத்தான் செய்யும். உருளும்போது அது திறந்து மூடினால்தான் வளைவு.

நிறத் திருத்தம் முடிந்ததும், எடுத்த அதே ஜன்னல் வெளிச்சத்தில் குச்சியைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். படத்து ஷாஃப்ட் கையிலுள்ளதைவிட வெண்மையாக இருந்தால், திருத்தத்தைக் குறைத்த பிறகே படத்தைப் பதிவேற்றுங்கள்.