அவுட்போர்டு மோட்டார்: ஓட்டுறது ஈஸி, கழட்டி காருல ஏத்துறதுலதான் சிக்கலே

படகோட ட்ரான்சம்ல, அதாவது பின்பக்கச் சுவர்ல, ரெண்டு கிளாம்ப் ஸ்க்ரூ போட்டு வெளிய மாட்டுற சின்ன மோட்டார் பத்திதான் இந்தப் பதிவு. போல்ட் போட்டு மாட்டுற பெரிய மோட்டாரை கையால தூக்க நினைக்காதீங்க.

மாட்டுறது, ஓட்டுறது

ரெண்டு ஸ்க்ரூவையும் கையாலயே மாத்தி மாத்தி டைட் பண்ணுங்க. கொஞ்ச நேரம் ஓடினதும் அதிர்வுல லூசாகும், ஆஃப் பண்ணிட்டு இன்னொரு தடவை பாத்துக்கங்க. மோட்டார்ல இருந்து படகுக்கு ஒரு சேஃப்டி கட்டு அவசியம், கயிறைவிட ஸ்டீல் வயர்தான் என் சாய்ஸ்.

டேங்க் மூடியில இருக்க ஏர் ஸ்க்ரூவைத் திறந்து, பெட்ரோல் ட்யூப்ல இருக்க ரப்பர் குமிழை (பிரைமர் பல்பு) கெட்டியாகுற வரைக்கும் அமுக்கி, கியரை நியூட்ரல்ல வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. கில் சுவிட்ச் கயிறு (உருவினா எஞ்சினை அணைச்சிடும்) உங்க மேல மாட்டியிருக்கணும், ஏன்னா நீங்க தண்ணில விழுந்தா ஆளில்லாத படகு வட்டமடிச்சு உங்க மேலயே திரும்பி வரும், ப்ரொப்பல்லரும் சுத்திக்கிட்டே இருக்கும். யாராவது தண்ணில இருந்து ஏறினாலும் நியூட்ரல் பத்தாது, எஞ்சினையே ஆஃப் பண்ணுங்க.

ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினைக் குளிர வைக்கிற தண்ணி சைடுல சின்ன ஓட்டைல இருந்து பீச்சுதான்னு பாருங்க. வரலைன்னா உடனே நிறுத்துங்க. பல நேரம் அந்த ஓட்டையில மண்ணு அடைச்சிருக்கும், மெல்லிசான நைலான் நரம்பை விட்டு குத்தினா போதும். அதுக்காக கரையில வச்சு தண்ணி இல்லாம ஓட்டிப் பாக்காதீங்க, தண்ணி பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ரப்பர் சீக்கிரமே கருகிடும்.

கழட்டுறது

உப்புத் தண்ணில ஓட்டியிருந்தா நல்ல தண்ணி உள்ள விட்டு ஃப்ளஷ் பண்ணணும். கார்புரேட்டர் மோட்டார்னா பெட்ரோல் ட்யூபை கழட்டிட்டு தானா அணையுற வரைக்கும் ஓட விடுங்க. 9.9 ஹெச்பி ஃபோர் ஸ்ட்ரோக் 40 கிலோ பக்கம் வரும், அதனால ரெண்டு பேர் வேணும், படகையும் கட்டிப் போட்டிருக்கணும். தூக்குறப்ப மேல் மூடியைப் பிடிக்காதீங்க, லாட்ச் விட்டுச்சுன்னா மூடி மட்டும் கையில இருக்கும். கைப்பிடியைப் பிடிங்க.

படுக்க வைக்கிறது

முக்கியமான இடம் இதுதான். முதல்ல நிமிர்த்தி வச்சு மோட்டாரோட கால்ல (தண்ணிக்குள்ள இறங்குற நீளமான அடிப்பகுதி) இருக்க தண்ணி முழுசா வடியட்டும். படுக்க வச்சாலும் தலைப்பகுதி ப்ரொப்பல்லரைவிட உசரத்துலயே இருக்கணும், இல்லைன்னா மிச்சத் தண்ணி எக்ஸாஸ்ட் வழியா சிலிண்டருக்குள்ள போயிடும்.

ஃபோர் ஸ்ட்ரோக்ல இன்னொரு வில்லங்கம் இருக்கு, எந்தப் பக்கம் வேணா படுக்க வைக்க முடியாது. சரியான பக்கம் எதுன்னு மேனுவல்லயோ மோட்டார்ல ஒட்டியிருக்க ஸ்டிக்கர்லயோ போட்டிருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். தப்பான பக்கம் போட்டா ஆயில் சிலிண்டருக்குள்ள இறங்கிடும், ஸ்டார்ட்டர் கயிறு கல்லு மாதிரி நிக்கும். அப்ப பலத்தைக் காட்டி இழுக்காம, கில் சுவிட்ச் கயிறை உருவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி எஞ்சினை மெதுவா சுத்தி ஆயிலை வெளிய தள்ளுங்க, மூஞ்சியைத் தள்ளி வச்சுக்கங்க. டூ ஸ்ட்ரோக்ல அடியில ஆயில் தேங்காது, அதனால பக்கம் பத்தி பயமில்ல, தலை உசரமா இருந்தா போதும்.

தனி டேங்கை காருக்குள்ள வச்சு நிரப்பாதீங்க, தரையில வச்சு நிரப்புங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், கீழ தேங்கி நிக்கும். உள்ளயே டேங்க் இருக்க மோட்டார்னா காலி பண்ணிட்டு ஏர் ஸ்க்ரூவை மூடுங்க.

அப்டேட்: ட்ரெய்லர்ல படகோட சேத்தே கொண்டு போகலாமான்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. போகலாம், ஆனா மோட்டாரைத் தூக்கி நிறுத்துற டில்ட் லாக்கை மட்டும் நம்பாதீங்க, அது ரோட்டுக் குலுக்கலுக்குன்னு செஞ்சதில்ல. தனியா சப்போர்ட் பார் ஒண்ணு வாங்கி முட்டுக் குடுங்க.